அச்சு முறிந்த ஊரில் ஒரு மலைப்பாடம்

புனேயிலிருந்து அகமத்நகர் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கி.மீ. தாண்டினால் ரஞ்சன்காவ். அகமத்நகருக்கு இப்போது அகில்யாநகர் என்று பெயர். சாலையோர டீக்கடைக்காரர்களுக்கு இது இன்னும் 'நகர் ரோடு'தான். காலை எட்டு மணிக்கே மகாகணபதி கோயில் பக்கம் புது வாகனங்கள் நிற்கின்றன. சாமந்தி மாலை, பானெட்டில் குங்குமத்தால் ஸ்வஸ்திக், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கூட இன்னும் பிரிக்கவில்லை. ஒரு தேங்காய் உடைகிறது. குடும்பமே ஏறி உட்கார, வண்டி மெதுவாக நகர்கிறது.

புது வண்டியை இங்கே கொண்டுவருவதற்குக் கதையிலேயே நியாயம் இருக்கிறது. மராட்டியர்கள் போற்றும் எட்டு விநாயகர் ஸ்தலங்களான அஷ்டவிநாயகத்தில் இது ஒன்று. திரிபுராசுரனை அழிக்கப் புறப்பட்ட சிவன் விநாயகரை வணங்க மறந்துவிட்டாராம். போகிற வழியில் தேர் உடைந்தது. தவறை உணர்ந்து வணங்கிய பிறகுதான் வெற்றி கிடைத்தது. சிவனே நிறுவியது இந்தக் கோயில் என்கிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதையை எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். மதுராந்தகத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே உள்ள அச்சிறுபாக்கத்தின் கதையும் இதுவேதான். அச்சு இற்ற பாக்கம், அச்சிறுபாக்கம். அங்கே அச்சுமுறி விநாயகர், இங்கே மகாகணபதி. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு ஊர்களும் ஒரே தேரின் ஒரே அச்சுக்கு உரிமை கொண்டாடுகின்றன. எது மூலம் என்ற வழக்கைப் புராண பண்டிதர்களிடம் விட்டுவிடலாம். புறப்படும் அவசரத்தில் செய்ய வேண்டியதை மறந்தால் சிவபெருமானின் வண்டியே நடுவழியில் நின்றுபோகும் என்று இரண்டு ஊரும் சொல்கின்றன. பயணக்காரனுக்கு அது போதும்.

கோயிலிலிருந்து புனே பக்கம் கொஞ்சம் திரும்பினால் வேறொரு உலகம். மகாராஷ்டிர அரசின் தொழிற்பேட்டை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கார், உதிரி பாகங்கள் என்று கிலோமீட்டர் கணக்கில் மதில் சுவர்கள். ஃபியட் தொடங்கிய கார் தொழிற்சாலையில்தான் 2017 ஜூனில் ஜீப் காம்பஸ் கார்களின் தயாரிப்பு ஆரம்பமானது. வலது பக்கம் ஸ்டியரிங் வைத்த காம்பஸ்கள் இங்கிருந்து ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின.

ஜீப் என்ற சொல்லுக்கு நம்மிடையே ஒரு தனி மரியாதை உண்டு. தேயிலைத் தோட்டத்து துரை, வனத்துறை ரேஞ்சர், தேர்தல் வேட்பாளர், சினிமா வில்லன் என்று எல்லோரும் வந்து இறங்கிய வண்டி அது. இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்தது. இன்று அதன் பேரப்பிள்ளைகளைக் குளிர்சாதனமும் தொடுதிரையும் வைத்து, பாறை மீது ஏறி நிற்கும் படத்துடன் விற்கிறார்கள். அது பிறக்கும் ரஞ்சன்காவோ தட்டையான தக்காணப் பீடபூமி. ஏறி நிற்க ஒரு குன்றுகூடக் கண்ணில் படவில்லை. மலை வேண்டுமென்றால் மேற்கே சஹ்யாத்ரிக்குப் போக வேண்டும்.

வண்டியை வாங்கிவிடலாம். மலையில் ஓட்டத் தெரிய வேண்டுமே?

இந்தக் கேள்வியை நம்பி ஒரு புதிய தொழிலே வளர்ந்திருக்கிறது. மஹிந்திரா நிறுவனம் மும்பை - நாசிக் வழியிலுள்ள இகத்புரியில் கரடுமுரடுப் பாதைப் பயிற்சிக்கென்றே ஒரு பள்ளி தொடங்கியது. ஜீப் நிறுவனம் நகரம் நகரமாகச் செயற்கை மேடுபள்ளங்கள் அமைத்து 'கேம்ப் ஜீப்' நடத்தியது. பைக் ஓட்டுபவர்களுக்குக் கோலார் அருகே 'பிக்ராக் டர்ட்பார்க்'. அதை உருவாக்கிய சி.எஸ். சந்தோஷ், உலகின் மிகக் கொடிய பந்தயம் என்று பெயரெடுத்த டாக்கர் ராலியை 2015ல் ஓட்டி முடித்த முதல் இந்தியர். சின்னச் சின்னப் பயிற்சி முகாம்கள் புனேயைச் சுற்றிலும் உண்டு. ஒரு நாள், இரண்டு நாள், மதியச் சாப்பாடு, முடிவில் ஒரு சான்றிதழ், மாலையில் குரூப் போட்டோ.

இது இந்திய மோகம் மட்டுமல்ல. அமெரிக்காவின் ராக்கி மலைகளில் ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களுக்கு இதே போன்ற முகாம்கள் நடக்கின்றன. நம் குல்மர்கில் சுற்றுலாப் பயணிகளைப் பின்னால் உட்கார வைத்துப் பனியில் சீறும் 'ஸ்னோ ஸ்கூட்டர்'தான் அது. குல்மர்கில் ஒரு சுற்று வந்து இறங்கிவிடலாம். அங்கே ஆழமான பூப்பனியில் சரிவின் குறுக்கே ஓட்டுகிறார்கள். வண்டி எப்போதும் பள்ளத்தின் பக்கமே சாயப் பார்க்கும். ஓட்டுபவர் அதை மலையின் பக்கம் சாய்த்துப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விரலால் அளந்து அளந்து கொடுத்துக் கடக்க வேண்டும். கைப்பலத்தைவிட உடம்பின் எடையும் பார்வையும்தான் அங்கே முக்கியம். தானாகக் கற்க மூன்று குளிர்காலம் ஆகும் என்றால், அருகில் நின்று சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தால் மூன்று நாளில் பிடிபடும் என்பது முகாம்காரர்களின் வாதம்.

வாதத்தில் உண்மை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் புனேயை ஒட்டிய ஒரு பண்ணை நிலத்தில் நடந்த ஒரு நாள் முகாமுக்கு நானும் போயிருந்தேன். இருபது வருடம் கார் ஓட்டியவன் என்ற நினைப்பு முதல் ஒரு மணி நேரத்திலேயே கரைந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரலை உள்ளே மடிக்கக் கூடாது. சக்கரம் கல்லில் இடறினால் ஸ்டியரிங் திடீரென்று சுழன்று விரலை முறித்துவிடும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். போக வேண்டிய இடத்தைப் பார். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் திருப்ப முயலாதே. பிரேக்கை மிதித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்திலேயே நேராக இறங்கு. சரிவில் குறுக்காக நின்ற வண்டி உருளும். இவற்றை அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. லைசென்ஸ் வாங்கியபோது எட்டுப் போட்டுக் காட்டியதோடு சரி.

ஆனால் ஒன்றை அப்போது கவனிக்கவில்லை. நாள் முழுக்க ஏறக் கற்றுத் தந்தார்கள். இறங்குவதற்குக் கடைசி அரை மணி நேரம்.

அடுத்த மாதமே மழைக்காலம். மனைவி, மகளோடு லேண்யாத்ரி, ஓஜர் விநாயகர்களைத் தரிசித்துவிட்டு மால்ஷேஜ் காட் அருவிகளைப் பார்க்கப் போனோம். முன்பெல்லாம் மலைச்சாலை என்றால் பயந்து பயந்து ஓட்டுவேன். அன்று பயமே இல்லை. சான்றிதழ் வாங்கியவன் அல்லவா? மூடுபனியில் முந்தினேன். மூன்றாவது கியரிலேயே பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கினேன். பாதி இறக்கத்தில் ஏதோ கருகும் வாடை. "ஏங்க, நம்ம வண்டியிலேர்ந்தா?" என்றாள் மனைவி. பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. நல்ல வேளையாக ஓர் ஓரம் அகலமாக இருந்தது. நிறுத்தி, முக்கால் மணி நேரம் அருவியைப் பார்ப்பது போல நின்றிருந்தோம். மகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். என் கால் நடுங்குவதை அவள் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து மனதில் அரிக்கும் கேள்வி இது. அந்த முகாம் என்னை நல்ல ஓட்டுநராக்கியதா, அல்லது தைரியசாலியாக மட்டும் ஆக்கியதா?

பதில் கிடைத்த இடம் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையை ஒட்டிய காரேகாவ். லோடுக்காகக் காத்திருக்கும் லாரிகள் அங்கே சாரி சாரியாக நிற்கின்றன. டி.என். நம்பர் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. சங்ககிரியும் நாமக்கல்லும் இல்லாமல் இந்தியாவில் சரக்கு நகராது என்பார்கள், நிஜம்தான் போலிருக்கிறது. ஒரு லாரியின் நிழலில் ஸ்டவ் பற்ற வைத்து, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். வயது 56. தமிழில் பேசியதும் முகம் மலர்ந்தது.

"நம்மூருங்களா சார்? உக்காருங்க, ஒரு வாய் சாப்பிடலாம்."

சேலம் ஜில்லாக்காரர். 35 வருடமாக ஸ்டியரிங். பயிற்சி முகாமைப் பற்றிச் சொன்னேன். மலை ஏறக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடமா என்று சிரித்தார்.

"ஏர்றது என்னங்க சார், இன்ஜின் பாத்துக்கும். எறங்கறதுதான் டிரைவரோட வேலை. எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்ல எறங்கு. எங்க வாத்தியார் எனக்குச் சொன்னது அவ்வளவுதான்."

'வாத்தியார்' என்று அவர் சொன்னது, அவர் கிளீனராக இருந்த லாரியின் டிரைவரை. ஏழு வருடம் கிளீனர். முதல் மூன்று வருடம் மலையில் ஸ்டியரிங்கைத் தொடவே விடவில்லையாம். இடது பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வளைவில் இறங்கி ஓடிப்போய் எதிரே வண்டி வருகிறதா என்று குரல் கொடுக்க வேண்டும். ஏற்றத்தில் நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போட வேண்டும். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியில் திம்பம் மலை. 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதியில் நிறுத்தி பிரேக் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்கச் சொல்வாராம் வாத்தியார்.

"கிட்டப் போகும்போதே தெரியும். பொறுக்க முடியலைன்னா வண்டிய நிறுத்தி டீ குடிக்கணும். தண்ணி கிண்ணி ஊத்தீரக் கூடாது, டிரம் வெடிச்சுரும். ஒருக்கா நான் நியூட்ரல்ல வுட்டேன் பாருங்க. ஸ்பேனராலயே மணிக்கட்டுல ஒரு போடு. இந்தா பாருங்க தழும்பு."

டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது நம் நாட்டுப் பழைய நோய். இதில் வேடிக்கை என்னவென்றால், மிச்சமே ஆவதில்லை. இன்றைய இன்ஜின்களில் கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் அடியோடு நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும், இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாமலிருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டால் பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்கும் புதிதாகக் காற்று ஏறாது.

கணக்குப் போட்டாலே விஷயம் விளங்கும். 40 டன் லாரி ஒன்று 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் அது சேர்த்து வைத்திருக்கும் சக்தி முழுவதையும் பிரேக் மட்டுமே விழுங்க வேண்டுமென்றால், 650 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் டிரம்களில் பிறக்கும். ஒன்றரை டன் காருக்கு அது 25 லிட்டர், அதாவது இரண்டு குடம் வெந்நீர். மால்ஷேஜில் என் சக்கரங்களுக்குள் கொதித்தது அதுதான். சூடேறிய பிரேக், எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இன்ஜினுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்திருந்தால் வாடையே வந்திருக்காது.

இந்தப் பாடம் தெரியாததன் விலை புனேவாசிகளுக்குத் தெரியும். நகரின் தெற்கே காத்ரஜ் சுரங்கப் பாதையிலிருந்து நவலே பாலம் வரை நீண்ட இறக்கம். 2022 நவம்பர் 20 அன்று கட்டுப்பாடிழந்த ஒரு கனரக லாரி அங்கே சுமார் 48 வாகனங்கள் நொறுங்கக் காரணமாயிற்று. டிரைவர் இறக்கத்தில் இன்ஜினை அணைத்திருந்தார் என்பது போலீஸாரின் முதற்கட்டத் தகவல். 2025 நவம்பரிலும் அதே இறக்கத்தில் மீண்டும் உயிர்ப்பலி. நம் தர்மபுரி - சேலம் சாலையின் தொப்பூர் கணவாயைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"இப்ப உங்ககூட கிளீனர் யாருண்ணே?" என்று கேட்டேன்.

"கிளீனரா? அதெல்லாம் போச்சுங்க. கூலி கட்டாது. தனியாத்தான் ஓட்டறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால லைசென்ஸ் வாங்குன பையன் இன்னைக்குப் பதினாலு சக்கர வண்டிய எடுத்துட்டு வர்றான். அவனுக்கு யாரு சார் வாத்தியாரு?" குழம்பைக் கிளறிவிட்டு அவரே கேட்டார். "நீங்க போனீங்களே, அந்த முகாமுக்கு எத்தன ரூவா?"

சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

பயிற்சி பயன் தருகிறதா என்பது அறிவியல் உலகமும் கேட்டுப் பார்த்த கேள்விதான். வந்த விடைகள் முகாம்காரர்களுக்கு உவப்பானவை அல்ல. நார்வேயில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலைப் பயிற்சியை 1979ல் கட்டாயமாக்கினார்கள். பின்னர் மதிப்பிட்டபோது, பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழுக்கும் சாலையில் முன்பைவிட அதிகமாக விபத்தில் சிக்கியது தெரிந்தது. ஸ்வீடன் ஆய்வாளர் கிரெகர்சென் 1996ல் இதை இன்னும் துல்லியமாகக் காட்டினார். ஒரு பிரிவினருக்கு வழுக்கலில் வண்டியைக் கட்டுப்படுத்தும் வித்தையைக் கற்றுத் தந்தார். இன்னொரு பிரிவினருக்கு வண்டி எவ்வளவு எளிதில் கைமீறும் என்பதை உணர்த்தினார். பிறகு நடந்த சோதனையில் இரு தரப்பின் திறமையும் ஒன்றே. வித்தை கற்றவர்கள் மட்டும் தங்களைப் பெரிய கில்லாடிகளாக நினைத்துக்கொண்டார்கள்.

பனிமலையிலும் இதே கதை. அமெரிக்காவில் நடந்த 700க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை இயன் மெக்கம்மன் என்ற ஆய்வாளர் அலசினார். பனிச்சரிவைப் பற்றி ஓரளவு பயிற்சி பெற்றவர்களும் கண்முன் தெரிந்த அபாய அறிகுறிகளைத் தாண்டிப் போய் மாட்டியிருந்தார்கள். பழகிய சரிவு என்ற தைரியம், கூட வந்தவர்கள் முன் பின்வாங்கக் கூச்சம், தேர்ந்தவர் ஒருவர் முன்னே போகிறார் என்ற நம்பிக்கை, இவையெல்லாம் கற்ற பாடத்தை மறக்கடித்துவிடுகின்றன. ஸ்னோமொபைல் ஓட்டுபவருக்கு முகாம் என்ன செய்கிறது என்பது இப்போது புரியும். நேற்று வரை அவர் ஏற முடியாத சரிவில் இன்று ஏற வைக்கிறது. செங்குத்தான சரிவுகளில்தான் பனியும் சரியும். திறமை கூடக் கூட, ஆபத்து இருக்கும் இடத்துக்கே அவர் போய்ச் சேருகிறார்.

தேர்ந்தவர்களையும் மலையும் மணலும் விடுவதில்லை. டாக்கரை முடித்த முதல் இந்தியரான சந்தோஷ் 2021 ஜனவரியில் அதே பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். ரியாத் மருத்துவமனையில் மருந்தின் மூலம் மயக்க நிலையில் வைத்துக் காப்பாற்றினார்கள். திறமை விபத்துக்கு எதிரான காப்பீடு அல்ல என்று அவரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

அப்படியானால் முகாம்கள் வீணா? அப்படிச் சொல்வது நன்றிகெட்டதனம். கட்டைவிரலை வெளியே வைக்கவும் ரிவர்ஸில் நேராக இறங்கவும் அன்று கற்றது இன்றும் என் கையில் இருக்கிறது. திறமை வளர்கிறது, சந்தேகமில்லை. ஆனால் லாரிக்காரரின் வாத்தியார் ஏழு வருடத்தில் கற்றுத் தந்தது வேறு. எப்போது நிறுத்துவது, எப்போது டீ குடிப்பது, எப்போது இன்றைக்கு வேண்டாம் என்று திரும்புவது. அதைக் குரூப் போட்டோவில் பிடிக்க முடியாது. ஏறிக் காட்டுவதில் இருக்கும் கவர்ச்சி, இறங்காமல் நிற்பதில் இல்லை.

அரசுக்கும் இது தெரியாமலில்லை. 2021 ஜூலையில் அமலுக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கார் ஓட்டக் கற்க 29 மணி நேரம். அதில் ஏற்ற இறக்கங்களும் பாடம். கனரக வாகனத்துக்கு 38 மணி நேரம். உத்தராகண்டில் வாடகை வாகனம் ஓட்ட, மலையில் ஓட்டத் தகுதி உண்டு என்று லைசென்ஸில் தனிக் குறிப்பு வேண்டும். ஆனால் சமவெளியில் கற்று, சமவெளியில் லைசென்ஸ் வாங்கி, விடுமுறைக்கு நேரே மலைக்கு வண்டியை விடுபவர்களை எந்த விதி பிடிக்கும்? 2018 அக்டோபரில் ஊட்டி - மசினகுடி இடையே 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில், சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் பள்ளத்தில் விழுந்தது. எழுவரில் ஐவர் இறந்தனர். வண்டி விழுந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்கக் கட்டுப்பாடு வந்தது. ஏறத் தடையில்லை, இறங்கத்தான் தடை என்பதைக் கவனிக்க வேண்டும். நீலகிரி போலீஸாருக்கும் சேலத்து டிரைவருக்கும் கருத்து ஒன்றே.

ரஞ்சன்காவ் விநாயகரைக் கும்பிட்ட யாத்ரீகர்களின் பஸ்களும் இறங்கித்தான் ஆக வேண்டும். அஷ்டவிநாயகத்தில் மஹட், பாலி இரண்டும் சஹ்யாத்ரிக்கு அந்தப் பக்கம், கொங்கணச் சமவெளியில். கண்டாலாவிலிருந்து போர் காட் வழியே இறங்கி கோபோலியை அடைய வேண்டும். மறுநாள் நானும் அந்தப் பழைய சாலையில் போனேன்.

கண்டாலாவைத் தாண்டியதும் நிலம் சட்டென்று முடிந்துபோகிறது. எதிரே காற்று, கீழே, ரொம்பக் கீழே, பொம்மை வீடுகள். இரண்டாவது கியரில் போட்டேன். இன்ஜின் உறுமியது, வண்டி நிதானமானது. காலை பிரேக்கின் மேல் வைத்திருந்தேனே தவிர அழுத்தவில்லை. பின்னால் வந்த ஒரு புது ஜீப் பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. அகலம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி வழிவிட்டேன். பானெட்டில் வாடாத சாமந்தி மாலை. அடுத்த வளைவில் அதன் சிவப்பு விளக்குகள் எரிந்தன, அதற்கடுத்த வளைவிலும் எரிந்தன, அணையவே இல்லை.

பாதி மலையில் சிங்ரோபா கோயில். சிங்ரோபா ஓர் இடையர். இந்த மலையில் பாதை காணாமல் தவித்த வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு, ஆடு மேய்க்கும் தடத்தைக் காட்டிக் கொடுத்து உயிரையும் கொடுத்தவர் என்கிறது இங்குள்ள கதை. மலையைக் காலால் அறிந்தவரிடம்தான் படித்த பொறியாளர்களும் வழி கேட்க வேண்டியிருந்திருக்கிறது. கடந்து போகும் டிரைவர்கள் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். 2023 ஏப்ரல் 15 அதிகாலையில் இந்தக் கோயிலுக்கு அருகேதான் புனேயிலிருந்து மும்பை திரும்பிய பஸ் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்தது. நிகழ்ச்சி ஒன்றில் வாசித்துவிட்டு வந்த தாளவாத்தியக் குழு. 13 பேர் இறந்தார்கள்.

நாணயத்தைப் போட்டேன். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்ற கூச்சம் இல்லாமல், முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து புறங்கையைக் கிட்டே கொண்டுபோனேன். லேசான சூடு. பொறுக்கக்கூடிய சூடுதான். இருந்தாலும் எதிரே ஒருவர் டீ விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று வாங்கி, நின்று, ஆற ஆறக் குடித்தேன்.